மொட்டை மாடி மழையளப்பியல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

எறும்பின் ஊர்வலம் முதல் ஏலக்காயின் வணிக வரலாறு வரை எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்துவிட்ட அறிவுலகம், ஒரே ஒரு மனிதரை மட்டும் இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. அவர் தினமும் காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறுகிறார். ஒரு புனலுக்குள் எட்டிப் பார்க்கிறார். இறங்கி வந்து லாங் சைஸ் நோட்டில் ஓர் எண்ணை எழுதுகிறார். பிறகுதான் இட்லி. இந்த உயிரினத்தை முறைப்படி விவரிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

பல தெருக்களின் பல மாடிகளில் காணப்படுவோரைக் கலந்து ஒரே மாதிரியாக்கி, இங்கே ‘மேற்படியார்’ என்று குறிப்பிடுகிறோம். தகுதிகள் மூன்று: யாரும் கேட்காமல் அளக்க வேண்டும், யாரும் சம்பளம் தரக் கூடாது, வீட்டில் நிறுத்தச் சொன்ன பிறகும் அளக்க வேண்டும். மழையை முன்கூட்டிச் சொல்வோர் வேறு இனம். நாளைக்கு மழை வருமா சார் என்று கேட்டால், “நாளைக்குக் காலையில் எட்டரைக்குச் சொல்றேன்” என்பவரே மேற்படியார்.

நமது கருதுகோள் இது: மழையளப்பதற்கு மழை அவசியமில்லை. நிறுவுவோம்.

2. முன்னோர்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பண்டகசாலைக்கு முன்னால் ஒரு முழ வாயுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்கச் சொல்கிறது. ஆயினும் அது அரசாங்க உத்தியோகம். சம்பளம் உண்டு என்பதால் அதிகாரியை இந்த வம்சத்தில் சேர்க்க இயலாது.

முதல் அசல் மேற்படியார் என்று இங்கிலாந்தின் லங்காஷயரில் வாழ்ந்த ரிச்சர்ட் டௌன்லியைச் சொல்லலாம். 1677-இல் தொடங்கிய இவர், வீட்டுக் கூரையில் 12 அங்குல விட்டமுள்ள புனல் ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து ஈயக் குழாயை வீட்டுக்குள் இறக்கினார். வெளியே கொட்டும் மழையை நனையாமல் உள்ளேயே அளந்தார். சோம்பலுக்கும் அறிவியலுக்கும் உள்ள நெடுநாள் உறவுக்கு இது வலுவான சான்று.

அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சன் 1776 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட அதே நாளில், நான்கு முறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார். பகல் ஒரு மணிக்கு 76 பாரன்ஹீட். நாடு பிறந்தாலும் நோட்டு நோட்டுதான் என்ற மேற்படியார் பண்பு இங்கே முழுமையாக வெளிப்படுகிறது.

ஜான் டால்டனைப் பள்ளிக்கூடத்தில் அணுக் கொள்கைக்காகப் படித்திருப்போம். அவர் 1787-இல் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கி 57 ஆண்டுகள் எழுதினார். குறிப்புகளின் எண்ணிக்கை இரண்டு லட்சம் என்கிறார்கள். அவர் ஜன்னலைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கும் நொடியை வைத்து எதிர்வீட்டார் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கடைசிப் பதிவு 1844 ஜூலை 26. அன்று சிறிது மழை பெய்ததாகக் குறித்தார். மறுநாள் இறந்தார். அணுக் கொள்கை நடுவில் வந்த ஒரு பக்கவேலை என்று நமது துறை கருதுகிறது.

நீண்டகாலச் சாதனை அமெரிக்காவின் லாங் ஐலண்டு விவசாயி ரிச்சர்ட் ஹென்ட்ரிக்சனுடையது. பதினெட்டு வயதில், 1930-இல், தன்னார்வப் பதிவாளராகச் சேர்ந்தார். 2014-இல் 84 ஆண்டுப் பணிக்காகக் கௌரவிக்கப்பட்டபோது வயது 101. எண்பதாண்டுப் பணிக்கென்று அதுவரை விருதே இல்லாததால், புதிதாக ஒன்றை ஏற்படுத்தி அவர் பெயரையே வைத்தார்கள்.

நம்மூரும் குறைந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் வைத்திருந்த வான்ஆய்வுக் கூடம்தான் பிறகு கம்பெனியின் கைக்கு வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கண்டு, சில ஆண்டுகளில் வானிலையையும் பதியத் தொடங்கியது. சென்னையின் வானிலைக் கணக்கு ஒருவருடைய பொழுதுபோக்கின் வாரிசு என்பதை மேற்படியார்கள் வீட்டில் எடுத்துச் சொல்லலாம். பலன் இருக்காது.

3. கருவியும் கணக்கும்

மேற்படியாரின் முதல் புனல் பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வருகிறது. எண்ணெய் ஊற்ற வைத்திருந்தது. ஒருநாள் காணாமல் போய், மாடியில் இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையில் காணக் கிடைக்கும். இந்த இடப்பெயர்ச்சிக்கு முன்னனுமதி பெறப்பட்டதாகத் தரவு இல்லை.

கணக்கு எளிது. புனலின் வாய் விட்டம் 12 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 113 சதுர செ.மீ. ஆகவே பாட்டிலில் சேரும் ஒவ்வொரு 11.3 மில்லி லிட்டரும் ஒரு மில்லி மீட்டர் மழை. காப்பிக்குப் பாலைக் கண்ணளவில் ஊற்றும் மனிதர், இங்கே பை மதிப்பை நான்கு தசம இடங்களுக்கு எடுத்துப் பெருக்குவார்.

இக்கருவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு லிட்டர் பாட்டில் 177 மி.மீ. மழையில் நிறைந்துவிடும். அதற்கு மேல் பெய்வது தரையில் ஓடும், வரலாற்றில் ஏறாது. சாதாரண மழைக்கு எழுத வேண்டியவர் தூங்கலாம். வரலாறு காணாத மழைக்கு நடுராத்திரியில் குடையோடு மாடியேறிப் பாட்டிலை மாற்ற வேண்டும். காய்ச்சல் வந்தால் ‘கருவி பராமரிப்பின்போது’ என்று குறிக்கவும்.

4. இடம் பற்றிய சிக்கல்

1760-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் மூன்று மழைமானிகளை வைத்தார்: ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில், ஒன்று பக்கத்து வீட்டுக் கூரையில், ஒன்று தரையில். ஓராண்டில் தரையில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, உச்சியில் 12.1. வானத்துக்குக் கிட்டே போகப் போக மழை குறைந்தது. நூறு ஆண்டுகள் அறிஞர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காற்றுதான் காரணம் என்று 1861-இல் தெளிவாக எழுதியவர், பின்னாளில் பொருளாதார மேதையான ஜெவன்ஸ். உயரத்தில் வேகமாக அடிக்கும் காற்று, துளிகளைப் புனலின் வாய்க்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே சாஸ்திரப்படி மழைமானி தரையில், திறந்தவெளியில், ஏறத்தாழ ஒரு அடி உயர வாயோடு இருக்க வேண்டும். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதற்குக் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். சென்னையில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பவர் அதில் மழைமானி வைக்க மாட்டார், பிளாட் கட்டுவார். தரையில் மூன்று ஸ்கூட்டர்களும் ஒரு ஜெனரேட்டரும் நிற்கின்றன. எனவே மாடி. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் வடகம் காயும் பாய்க்கும் நடுவே மிச்சமுள்ள இடம் எதுவோ, அதுவே ‘கண்காணிப்பு நிலையம்’. மாடியில் கிடைக்கும் அளவு சற்றுக் குறைவுதான் என்று மேற்படியாருக்கும் தெரியும். ஆனால் எந்நாளும் ஒரே இடத்தில் குறைவாக அளப்பவர், போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடலாம். அடிக்கடி இடம் மாற்றிச் சரியாக அளப்பவரால் அது முடியாது.

5. எட்டரை மணிக் கோட்பாடு

இந்திய வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிவது. அளக்கும் நாளின் தேதியிலேயே மழை பதிவாகும். 2015 பெருமழையைச் சென்னை டிசம்பர் 1 என்று நினைவு வைத்திருக்கிறது. பதிவேட்டில் தாம்பரத்தின் 49 செ.மீ. டிசம்பர் 2-ஆம் தேதியில் இருக்கிறது. மாடி 100 சதுர மீட்டர் என்று கொண்டால், அந்த 24 மணி நேரத்தில் ஒரு வீட்டின் தலையில் மட்டும் 49,000 லிட்டர் இறங்கியது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் நான்குக்கும் மேல். நுங்கம்பாக்கத்தில் அதே பொழுதில் 29 செ.மீ. ஒரே நகரம், ஒரே மேகம், இருபது செ.மீ. வித்தியாசம். இந்த ஒரு காரணத்தால்தான் தெருவுக்கு ஒரு மேற்படியார் தேவைப்படுகிறார்.

6. எல்லைக்கோட்டு மனவேதனை

வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது ‘மழை நாள்’. 64.5 மி.மீ. தொட்டால்தான் ‘கனமழை’. நோட்டில் 64.4 என்று வந்த காலையில் மேற்படியார் புனலின் விளிம்பைச் சுண்டிப் பார்ப்பதும், உள்ளே ஒட்டிய துளிக்காகப் பாட்டிலைக் கவிழ்த்து நிற்பதும் அறிவியல் நேர்மைக்கும் மனித ஆசைக்கும் நடக்கும் போராட்டமாகும். அவர் கடைசியில் 64.4 என்றே எழுதுகிறார் என்பதை நமது துறையின் பெருமையாகப் பதிவு செய்கிறோம். அதுபோல் 2.4 மி.மீ. பெய்த நாள் அதிகாரபூர்வமாக மழை நாள் ஆகாது. கொடியில் நனைந்த புடவைகளுக்கு இந்த விளக்கம் வாசித்துக் காட்டப்பட்டது, அவை உலரவில்லை.

7. சுழியம்: கருதுகோளை நிறுவுதல்

கொட்டும் மழையில் யாரும் மாடியேறிப் பார்ப்பார்கள். அதற்கு ஆர்வம் போதும். அக்னி நட்சத்திர வெயிலில், காலை எட்டரைக்கே கால் சுடும் தளத்தில் நடந்து போய், புனலுக்குள் ஒரு சருகும் இரண்டு எறும்புகளும் இருப்பதைக் கண்டு, இறங்கி வந்து 0.0 என்று எழுதுகிறவர்தான் மேற்படியார்.

பார்க்காமலே எழுதினால் என்ன? இக்கேள்வியை வீட்டார் ஆண்டுதோறும் எழுப்புகின்றனர். விடை: கட்டம் காலியாக இருந்தால் மழை இல்லை என்றும் கொள்ளலாம், ஆள் இல்லை என்றும் கொள்ளலாம். பின்னால் சராசரி போட வருகிறவர் அந்த மாதத்தையே ஒதுக்கிவிடுவார். பார்த்து எழுதிய சுழியம் ஒன்று மட்டுமே வானம் காய்ந்தது என்பதற்குச் சாட்சி.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஒன்றுக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவந்தார்கள். இரண்டரை சதுர கிலோ மீட்டர் பரப்பில் ஒரே ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் அளவு அது. வெள்ளம் ஓர் இரவில் ஓர் எண்ணாகப் பதிவாகிவிடுகிறது. வறட்சிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது நூற்றுக்கணக்கான சுழியங்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் யாரோ படியேறியிருக்க வேண்டும். கருதுகோள் நிறுவப்பட்டது.

8. துணை ஆய்வாளர் சிக்கல்

இங்கே ஓர் இடையூறு. ஒரு நாளும் விடாமல் எழுதிய நோட்டு என்று மேற்படியார் பெருமைப்படுகிறார். அதே மேற்படியார் கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போனார், கண்புரை அறுவைக்குப் படுத்தார், தம்பியோடு காசிக்கும் போய்வந்தார். நோட்டில் இடைவெளி இல்லை. இது எப்படி?

இங்கிலாந்தில் 1860-இல் 168 நிலையங்களின் கணக்கோடு தொடங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவாளர்களைத் திரட்டிய ஜார்ஜ் சைமன்ஸ் இதற்கு விதியே வகுத்திருந்தார்: பதிவாளர் ஒவ்வொருவரும் உதவிக்கு ஒருவரைப் பழக்கி வைக்க வேண்டும், முடியாவிட்டால் மாத முதல் தேதியில் மழைநீரைப் புட்டியில் அடைத்து, சீட்டு ஒட்டி, தக்கையால் இறுக்கி, அவர் வரும்வரை பாதுகாக்க வேண்டும். நம் ஊரில் புட்டி தேவைப்படவில்லை. நோட்டை உற்றுப் பார்த்தால் சில பக்கங்களில் 7 என்ற எண் குறுக்குக் கோடின்றி உருண்டையாக இருக்கிறது. அது வீட்டு அம்மாளின் கையெழுத்து.

பதிவின் தரத்திலும் வேறுபாடு உண்டு. மேற்படியார்: ‘18.6’. அம்மாள்: ‘18.6. மூணே காலுக்கு ஆரம்பிச்சு நாலுக்குள்ள விட்டது. துணி எடுத்தாச்சு.’ மழைமானி மொத்தத்தை மட்டுமே சொல்லும். விடிய விடியப் பெய்த 18 மில்லி மீட்டர் மண்ணுக்குள் இறங்கும்; முக்கால் மணியில் கொட்டிய 18 மில்லி மீட்டர் சுரங்கப்பாதையில் பஸ்ஸை நிறுத்தும். இந்த வித்தியாசத்தைச் சொல்லும் நேரக் குறிப்பு, நோட்டு முழுவதிலும் துணிக்கொடியைக் கவனித்தவரின் பக்கங்களில் மட்டுமே காணப்படுகிறது. முதன்மை ஆய்வாளர் ஊரில் இல்லாத நாட்களில் ஆய்வின் தரம் உயர்ந்தது என்ற முடிவை, நட்பு கருதி, மென்மையாக வைக்கிறோம்.

9. பரிந்துரைகள்

(அ) மழை அளவோடு தொடக்க, முடிவு நேரமும் எழுதப்பட வேண்டும்.

(ஆ) பாட்டில் நான்கு லிட்டராக உயர்த்தப்பட வேண்டும்.

(இ) வடகம் காயும் நாட்களில் கண்காணிப்பு நிலையத்தின் எல்லை பேச்சுவார்த்தை மூலம் தீர்மானிக்கப்பட வேண்டும்.

(ஈ) அடுத்த நோட்டின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும்.

கடைசிப் பரிந்துரை அம்மாளின் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டது. “பேரெல்லாம் எதுக்குங்க? மாடிக்குக் கொண்டுபோன என் புனலுக்குப் பதிலா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுங்க, இன்னும் கரண்டியாலதான் எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கேன்” என்றார். இக்கோரிக்கை முதன்மை ஆய்வாளரின் பரிசீலனையில் உள்ளது.