புதுக் கேரவனா, பழைய கேரவனா: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: கேரவன் எனும் ஊர்தி – புதியது வாங்குவதா, பழையது வாங்குவதா – மதுரைச் சமவெளிக் குடும்பத்தார் முடிவெடுக்க இயலாமை – அறிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவுகள் 41, 47, 50, 52.



இவ்விண்ணப்பத்தில் ‘விண்ணப்பதாரர்’ எனப்படுபவர் தனி ஒருவர் அல்லர். சோழவந்தான் முதல் மேலூர் வரையிலும் அலங்காநல்லூர் முதல் திருமங்கலம் வரையிலும் பரந்த சமவெளியில், இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், வங்கிக் கடன் பெறும் தகுதி, ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கொடைக்கானல் விடுதிகளின் அறை வாடகையைக் கேட்டு மனம் நொந்து திரும்பும் வழக்கம் ஆகியவற்றை ஒருங்கே உடைய எந்தக் குடும்பத் தலைவரும் அச்சொல்லால் குறிக்கப்படுவார். இத்தகையோர், அறை வாடகை என்னும் கொடுமையிலிருந்து நிலையாக விடுபடும் பொருட்டு, அறையையே உடன் கொண்டு செல்லும் கேரவன் ஒன்றை வாங்குவதெனத் தீர்மானித்துள்ளனர். தமிழ்நாட்டில் இவ்வூர்தி, படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் இளைப்பாறுவதற்காகக் குளிரூட்டப்பட்டு நிற்கும் வண்டியாகவே பெரிதும் அறியப்பட்டிருப்பதால், விண்ணப்பதாரருக்குத் திரைப்படத்தில் நடிக்கும் எண்ணமோ, அதன் வழியாகக் கட்சி தொடங்கும் எண்ணமோ இல்லை என்பது முதற்கண் பதிவு செய்யப்படுகிறது. மதுரையில் பிறந்த ஒருவர் இந்த உறுதிமொழியைத் தருவது எவ்வளவு பெரிய துறவு என்பதை ஆணையரகம் உணரும் என நம்பப்படுகிறது.

கேரவன் எது என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. வாகனத் தொழில்துறைத் தரநிலைகளுள் 124 என எண்ணிடப்பட்டது இதற்கென்றே வகுக்கப்பட்டதாகும். இருக்கையும் மேசையும், இரவில் அவ்விருக்கையே விரிந்து ஆகக்கூடிய படுக்கையும், சமையல் வசதியும், பொருள் வைக்கும் இடமும் உள்ளே நிலையாகப் பொருத்தப்பட்ட ஊர்தியே கேரவன் என்பது அதன் சாரம். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அது போக்குவரத்தல்லாத வாகனம், அதாவது பேச்சுவழக்கில் வெள்ளை போர்டு வண்டி. வாடகைக்கு என்றால் மஞ்சள் போர்டு. குழப்பம் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

முதலில் புதிய வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஆயுள் வரி என்பது பதினைந்து ஆண்டுக்கு உரிய வரியை வாங்கும் நாளிலேயே முழுமையாகச் செலுத்தும் முறை. ‘ஆயுள்’ என்னும் அடைமொழி வண்டியின் ஆயுளைச் சுட்டுகிறதா, செலுத்துவோரின் ஆயுளைச் சுட்டுகிறதா என்பதில் விண்ணப்பதாரர்களிடையே இரு கருத்துகள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு இவ்வரி 20 விழுக்காடு. கேரவனும் காராகவே கொள்ளப்படுமாயின், 30 லட்சம் ரூபாய் வண்டி சாலையில் ஓர் அங்குலம் நகர்வதற்கு முன்பே ஏறத்தாழ 6 லட்சத்தைக் கருவூலத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் புறப்படும். மறுபுறம், காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணை வேறொரு கதையைச் சொல்கிறது: ஆறு மாதம் வரை 5 விழுக்காடு தேய்மானம், ஆறு மாதம் கடந்தால் 15, ஐந்தாம் ஆண்டில் 50. வரியை வாங்கும்போது வண்டி பதினைந்து ஆண்டு வாழும் என்றும், இழப்பீடு கொடுக்கும்போது ஐந்தாண்டுக்குள் பாதி செத்துவிடும் என்றும் கருதும் இவ்விரு அறிவியல்களும் ஒரே வண்டியின் மீது ஒரே நாளில் செயல்படுகின்றன. அந்த வண்டியோ ஆண்டின் பதினொரு மாதங்களை மதுரை கே.கே. நகரின் ஏதேனும் ஒரு வேப்பமரத்தடியில், தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு எல்லைக்கோடாக நின்று கழிக்கப் போகிறது.

கட்டி முடித்த கேரவன் கடையில் வரிசையாக நிற்கும் பண்டமும் அன்று. டெம்போ டிராவலர் போன்ற ஒரு வேனை வாங்கி, பேருந்துக் கூடு கட்டுவதில் பெயர் பெற்ற கரூருக்கு ஓட்டிச் சென்று, உள்ளே கட்டிலும் அடுப்பும் அமைத்துக்கொள்வதே இப்பகுதியில் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. இங்கே சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது அப்பிரிவு. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டமோ, மைய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாற்றங்களுக்கு ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. ஆக, வேனில் படுக்கை அமைக்கலாமா எனக் கேட்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் விடை, கூடாது என்றும், ஆனால் கூடும் என்றும் ஒருசேர அமைகிறது. படுக்கை எதுவும் பொருத்தாமலே, திருமண வேனில் நாற்பது பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிச் செல்வதற்கு இதுவரை எந்தப் பிரிவும் தடை விதித்ததாகத் தெரியவில்லை.

எனவே பழையது. பழைய வண்டிச் சந்தையின் தரகர்களிடம் வழங்கும் வருணனை மரபு தனி ஆய்வுக்குரியது: விற்பனைக்கு வரும் வண்டி எதுவும் ‘சிங்கிள் ஓனர்’ வண்டியே, அந்த ஒரே உரிமையாளர் பெரும்பாலும் ஒரு டாக்டர், அவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் மட்டுமே அதை ஓட்டியவர். தரகர் கூற்றுகளைக் கூட்டிக் கணக்கிட்டால், அரசு இராசாசி மருத்துவமனையில் உள்ளோரினும் பன்மடங்கு மிகுதியான மருத்துவர்கள் வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டு இந்நகரில் வாழ்கின்றனர் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும். கேரவனுக்கு மட்டும் இம்மரபு சற்றே திரிகிறது. அது ஒரு நடிகர் ஓய்வெடுத்த வண்டியாகவோ, தேர்தல் முடிந்து பயனற்றுப்போன பிரசார வேனாகவோ சொல்லப்படும். பின்னதில், தலைவர் எழுந்து நின்று கையசைப்பதற்காகக் கூரையில் வெட்டப்பட்ட திறப்பு, மழை ஒழுகும் குறை ஒன்றைத் தவிர்த்தால், மாமியார் இயற்கைக் காட்சிகளைக் கண்டு மகிழ ஏற்றது என்று விளக்கமும் தரப்படும்.

வரி இங்கும் விடுவதில்லை, ஆனால் அதன் நடை நயமானது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 55-ஆம் கூட்டம், பதிவு பெற்ற வணிகர் விற்கும் பழைய வண்டிகளுக்கு, அவற்றின் முழு விலை மீதன்றி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான இலாபத்தின் மீது 18 விழுக்காடு வரி என ஒரே சீராக வகுத்தது. உப்பும் காரமும் சேர்ந்த உதிரிப் பாப்கார்னுக்கு 5, பொட்டலத்தில் அடைத்ததற்கு 12, சர்க்கரைப் பாகு பூசியதற்கு 18 என்று விளக்கம் அளித்து நாடெங்கும் புகழ் பெற்றதும் அதே கூட்டந்தான். பழைய கேரவனும் பாகு பூசிய பாப்கார்னும் ஒரே விழுக்காட்டில் அமர்ந்த அந்த நாளில், இரண்டும் உள்ளே பெரும்பாலும் காற்றே என்ற உண்மையை மன்றம் கருத்தில் கொண்டிருக்கக்கூடும். தனியார் ஒருவர் தம் சொந்த வண்டியை மற்றொருவருக்கு நேரடியாக விற்றால் இவ்வரி இல்லை. அதனால்தான் அத்தனை டாக்டர்கள்.

அண்டை மாநிலத்திலிருந்து வாங்குவதெனில், பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி புதுப் பதிவெண், அதற்கென இங்கே மீண்டும் வரி, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு ஓர் அலைச்சல் என்று கடமைகள் நீள்கின்றன. இவற்றை விரித்துரைத்து ஆணையரகத்துக்கே பாடம் நடத்துவது முறையன்று.

விரித்துரைக்க வேண்டியது அடுப்பு. மஞ்சள் போர்டு வண்டி, தொடக்கத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் பின்னர் ஆண்டுதோறும், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக ஆய்வாளர் முன் நிற்க வேண்டும்; வெள்ளை போர்டு வண்டிக்கோ பதிவின் காலமான பதினைந்து ஆண்டு முடியும் வரை அந்தச் சோதனை இல்லை. கார் அளவில் இது நியாயமே. ஆனால் சமையல் வசதி இல்லாவிட்டால் கேரவன் அன்று எனத் தரநிலையே வரையறுத்துவிட்ட பிறகு, அந்தச் சமையல் வசதியின் எரிவாயுக் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என எண்ணெய் நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு சொல்லிவரும் நிலையில், ஒரு பதிவுக் காலத்துக்குள் மூன்று குழாய்கள் வாழ்ந்து முடிய வேண்டிய வண்டியில் முதற்குழாயே மூன்றாம் உரிமையாளரிடம் வந்து சேர்ந்தால், அதைப் பார்ப்பது எவர் வேலை என்பதற்கு விடை இல்லை. படிவம் 30-இல் உரிமையாளரின் தந்தை பெயருக்கு இடம் உண்டு. அடுப்புக் குழாயின் வயதுக்கு இல்லை.

இது வெறும் கற்பனை அச்சம் எனில் இத்துணை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தோரின் தனிப் பெட்டி ஒன்று, புனலூர் – மதுரை விரைவு ரயிலிலிருந்து கழற்றப்பட்டு மதுரை நிலையத்தின் அருகே நின்றிருந்தபோது, விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி, ஒன்பது பேர் இறந்தனர். ரயிலும் சாலையும் வெவ்வேறு துறைகளே. ஆயினும், நெடுந்தொலைவு செல்லும் குடும்பம் எங்கேனும் நின்று, பழகிய சுவையில் ஒரு வாய் காபி குடிக்கவே விரும்பும் என்பதும், அதற்கு உரிய இடம் காட்டப்படாவிட்டால் ஆகாத இடத்தில் அடுப்பை மூட்டும் என்பதும் இரு துறைக்கும் பொதுவான உண்மைகள். அந்த ஒன்பது பேரின் முன்னிலையில் பகடி சற்று நேரம் வாய் மூடுவதே தகும்.

நிற்கும் இடம் பற்றிய இந்தச் செய்தியில் மதுரைக்கு முன்னனுபவம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் இராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் நிற்கிறது. சாலை போட்ட அரசு அச்சாலையில் வருவோர் இரவில் எங்கே படுப்பர் என்றும் எண்ணிப் பார்த்ததற்கு அது சான்று. அதனினும் சிறந்த சான்று அழகர். சித்திரையில் அழகர்மலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணமாக நகருக்கு எழுந்தருளும் கள்ளழகர், பல்லக்கு, குதிரை, சேஷம், கருடன், பூப்பல்லக்கு என ஒரே பயணத்தில் ஐந்து ஊர்திகள் மாறுகிறார். அவற்றுள் எது புதியது, எது பழையது என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை, ஏனெனில் அப்பயணத்தின் சிறப்பு ஊர்தியில் இல்லை. வழி நெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள், அதாவது சுவாமி சற்றே தங்கி உபசாரம் பெறும் பந்தல்களும் மண்டபங்களும், அவருக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, வரவேற்க ஆள் உண்டு. உலகம் கேரவன் பூங்கா என்று எதைச் சொல்கிறதோ, அதை இந்நகரம் ஓர் இறைவனுக்காக நூற்றாண்டுகளாக நடத்தி வருகிறது. மனிதருக்கு விரிவாக்க மட்டும் மறந்துவிட்டது.

அண்டை மாநிலம் மறக்கவில்லை. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்து, வண்டிக்கு மானியமும் வண்டி நிற்கும் பூங்காவுக்கு விதிகளும் அறிவித்தது. முதற்பூங்கா, மதுரையிலிருந்து குமுளி வழியே எட்டிவிடக்கூடிய வாகமண்ணில் 2022-இல் திறக்கப்பட்டது. மதுரைப் பக்கம் வருவோரின் நிலையோ வேறு. ராமேசுவரத்துக்குச் செல்லும் வடநாட்டுப் பேருந்துகள் மாவும் அடுப்பும் சமையற்காரரும் சகிதம் வந்து சாலையோரத்தில் ரொட்டி சுடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வேன்கள் எந்தப் புளியமரத்தடியிலும் உலை வைக்கின்றன. கமுதிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து அழகர்கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டி, வழியில் தங்கிச் சமைத்து உண்டு வரும் வழக்கமும் முற்றாக அற்றுப்போகவில்லை. இருக்கை, படுக்கை, சமையல், சேமிப்பு என்னும் நான்கு இலக்கணங்களும் கூண்டு வண்டிக்குப் பொருந்துகின்றன. மேசை ஒன்றே குறை. இவர்களுக்கெல்லாம் ஒரு குழாயும், ஒரு குப்பைத் தொட்டியும், பாதுகாப்பாக அடுப்பு மூட்ட ஒரு திண்ணையும் தரப்படாத ஊரில், கழிவறைத் தொட்டியைச் சுமந்து திரியும் கேரவன் அதை எங்கே காலி செய்யும் என்று கேட்பது பேராசைதான். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் உள்ள கழிவுநீர் நிலையங்களின் வாயிலில், கழிவுநீர் லாரிகளின் வரிசையில், குடும்பத்தோடு நிற்க விண்ணப்பதாரர் அணியமாகவே உள்ளார். மாமியார் மட்டும் உடன்படவில்லை.

ஆகவே ஆணையரகத்திடம் வேண்டப்படுவன மிகச் சில. வெள்ளை போர்டு கேரவனின் அடுப்பையும் எரிவாயுக் குழாயையும், குறைந்தபட்சம் கை மாறும்போதேனும், ஒருவர் குனிந்து பார்த்துச் சான்றளிக்க வகை செய்யப்பட வேண்டும். கப்பலூர்ச் சுங்கச் சாவடியில் அவ்வண்டி வேனா, மினி பஸ்ஸா என்பது, சாவடியை அங்கிருந்து அகற்றக் கோரி நடக்கும் போராட்டம் முடியும் முன்பாகத் தெளிவாக்கப்பட வேண்டும். பெறப்படும் ஆயுள் வரியின் ஒரு பங்கு, ஓடும் சாலைக்கு மட்டுமின்றி நிற்கும் இடத்துக்கும் செலவிடப்பட, உரிய துறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் நாளில் புதியதா, பழையதா என்பதை விண்ணப்பதாரர் தாமே முடிவு செய்துகொள்வார். நிறைவேறும் வரை, அண்டாவையும் கரண்டியையும் வாடகை வேனின் மேற்கூரையில் கட்டிக்கொண்டு, வேனின் உள்ளே எவரும் அடுப்பைத் தொடாதவாறு மாமியாரைக் காவல் வைத்து, வழக்கம்போலக் கொடைக்கானல் போய் வருவார்.

இவ்விண்ணப்பத்தின் நகல் அழகர்கோயில் நிருவாகத்துக்கும் தகவலின் பொருட்டு அனுப்பப்படுகிறது. நானூறு நிறுத்தங்களுக்கும் முன்கூட்டியே இடமும் நேரமும் குறித்து வைக்கும் முறை பற்றி ஆணையரகத்துக்கு ஐயம் எழுமாயின், அலுவல் நேரத்தில் அங்கே கேட்டுத் தெளியலாம்; சித்திரையில் மட்டும் அவர்கள் பயணத்தில் இருப்பார்கள்.