சராசரி சமைப்பது எப்படி?

தேவையானவை: ஒரு மாநிலம், ஒரு கால்குலேட்டர், மனசாட்சி ஒரு சிட்டிகை (இல்லாவிட்டாலும் பாதகமில்லை).

எந்த மாநிலம் பணக்கார மாநிலம் என்று அளக்க, சொத்தைக் கணக்கெடுப்பதுதான் நேர்வழி. அந்தப் பக்கமே போகாதீர்கள். வீடு வீடாக நிலம், நகை, கடன் என்று விசாரிக்கும் தேசியக் கணக்கெடுப்பு 2013-இல் நடந்தது, பிறகு 2019-இல்தான். நகையைப் பற்றி எந்த வீட்டில் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்? ஆகவே, மாநிலத்தின் மொத்த உற்பத்தியை எடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தலைகள் கூடியிருக்கலாம், உத்தேசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் தலைகள், நிறைய ஆலைகள் இருந்தால் சராசரி நன்றாக உப்பி வரும். சிக்கிமைப் பாருங்கள். 2011-இல் மக்கள்தொகை சுமார் 6.1 லட்சம். வரிச்சலுகைக்காக வந்த மருந்து ஆலைகள், தீஸ்தா ஆற்றின் நீர்மின் நிலையங்கள். மாத்திரை அங்கே உருள்கிறது, லாபம் முதலாளியின் ஊருக்குப் போகிறது. தனிநபர் வருமானப் பட்டியலிலோ சிக்கிமுக்கு முன்வரிசை.

கேரளம் வந்தால் கை கொஞ்சம் நடுங்கும். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் மாநில உற்பத்தியில் சேராது. அம்மா கடைக்குப் போகும்போதுதான் தெரியவரும். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளக் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 5,924 ரூபாய். நிலக்கரியும் இரும்புத்தாதும் தோண்டித் தோண்டி ரயிலேற்றும் சத்தீஸ்கரின் கிராமத்தில் 2,466. எது பிடிக்கிறதோ அந்தக் கணக்கைப் பரிமாறுங்கள்.

மாநிலத்துக்குள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவே கூடாது. ஹரியானாவின் சராசரியைத் தூக்கி நிறுத்துவது குருகிராமின் கண்ணாடிக் கட்டடங்கள். அதற்கு அடுத்த மாவட்டம் நூஹ். பின்தங்கிய மாவட்டங்களை 2018-இல் நிதி ஆயோக் வரிசைப்படுத்தியபோது கடைசி இடம் அதற்குத்தான் கிடைத்தது. பட்டியலில் இருந்தது அதன் பழைய பெயர், மேவாத். பெயரை மாற்றியாயிற்று, வேறென்ன வேண்டும்!

இவ்வளவு உப்பிய சராசரியைத் தவறிப்போய்க்கூட நிதி ஆணையத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். வரிப் பங்கைப் பிரிக்கும்போது, மாநிலம் வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 15-ஆவது ஆணையம் கொடுத்த எடை 45 சதவீதம். அங்கே ஏழையாகத்தான் போக வேண்டும். முதலீட்டாளர் மாநாட்டுக்குப் பச்சைக் கோப்பு, ஆணையத்துக்குச் சிவப்புக் கோப்பு. இரண்டும் ஒரே நாளில் வந்தால், எடுத்துப் போகிற பியூனிடம் நிறத்தை இரண்டு தடவை சொல்லி அனுப்புங்கள்.