கடன் வாங்கிக் கழித்தல்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் "டீச்சர் ஆகப் போறேன்" என்று அறிவித்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் நான்தான் ஆலோசனைக் குழுத் தலைவர். உறுப்பினரும் நானே. கூட்டத்துக்கு வேறு யாரும் வருவதில்லை.

தொடக்கக் கல்விப் பட்டயம் இரண்டு வருஷம் படித்தால் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம். பட்டமும் பி.எட்.டும் இருந்தால் பத்தாம் வகுப்பு வரை. முதுகலையும் சேர்ந்தால் மேல்நிலை. ஏற ஏற மரியாதை. கல்யாணப் பந்தியில் "பொண்ணு பி.ஜி. டீச்சர்" என்றால் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்" என்றால் அப்பளத்தை நொறுக்குவார்.

அவளுக்கு ஒண்ணாங்கிளாஸ்தான் வேண்டுமாம்.

"பி.எட். முடிச்சிட்டு எந்த கிளாஸுக்கு வேணா போயேன்" என்றேன். தொடக்க வகுப்புக்கு பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023லேயே சொல்லிவிட்டதாம். ராசிபலனோடு பேப்பரை மடித்துவைக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

"சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? நானே எடுப்பேன்!"

எதிர்வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனை நோட்டோடு கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்துவிட்டாள். கணக்கு: 32லிருந்து 17.

"ரெண்டுல ஏழு போகாதுப்பா. பக்கத்து மூணுகிட்ட ஒண்ணு கடன் வாங்கணும். இப்ப பன்னெண்டு."

"ரெண்டும் ஒண்ணும் மூணுதானே மாமா?"

எனக்கு வேர்த்தது. இத்தனை வருஷமாக நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று வாங்கினால் எப்படிப் பத்தாகிறது என்று யாரும் விசாரித்ததில்லை.

"அது அப்படித்தான். எங்க வாத்தியார் சொன்னாரு."

"சரி, வாங்குன கடனை எப்பத் திருப்பித் தருவீங்க?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "அப்படிக் கேளுடா ராஜா!" என்றாள்.

மகள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி ஒடித்தாள். ரப்பர் பேண்டு போட்டு மூன்று பத்துக் கட்டு, உதிரியாக இரண்டு. "ஏழு எடுத்துக் குடு பார்ப்போம்." பையன் உதிரியைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான், ரப்பர் பேண்டைத் தானே உருவினான். பன்னிரண்டிலிருந்து ஏழை எண்ணிக் கொடுத்தான். பிறகு ஒரு கட்டு. மீதி ஒரு கட்டும் ஐந்து குச்சியும். கடன் என்ற பேச்சே எழவில்லை. என் பக்கம் அவன் திரும்பவும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, அரசுப் பள்ளியில் ஒண்ணாங்கிளாஸ் எடுக்கத் தகுதித் தேர்வு வேறு உண்டு. முதல் தாள், மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி. பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால்தான் தேர்ச்சி. அதில் முப்பது கேள்வி குழந்தை மனத்தைப் பற்றியே. இப்போதே மாதிரித் தாள் வாங்கிவந்து வாசிக்கிறாள். ஒரே அளவுத் தண்ணீரைக் குட்டைத் தம்ளரிலிருந்து ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றினால், அதில்தான் அதிகம் என்று குழந்தை சொல்லுமாம். இரண்டிலிருந்து ஏழு வயது வரை அப்படித்தான் என்று பியாஜே என்ற அறிஞர் கண்டுபிடித்திருக்கிறார்.

எங்கள் தெரு டீக்கடையில் உயரக் கிளாஸ் வந்ததிலிருந்துதான் நான் அங்கே வாடிக்கை. மகளிடம் இதைச் சொல்லவில்லை.