டிராகனை நம்புவ, பொம்பளையை நம்பமாட்டியோ?

ஏலே, இங்க வா. உக்காரு. மொதல்ல அந்தக் காதுல சொருகியிருக்கதைக் கழட்டு.

டிராகன் கதைன்னதும் வாயைப் பொளந்துக்கிட்டு வாங்குனியாமே? நாலு அத்தியாயம் வாசிச்சுட்டு, "சண்டை எங்க? ஒரு ஊராவது எரியலையே"ன்னு கட்டில்ல வீசுனியாமே? எம்பேத்தி சொன்னா. அவதான் அதை எடுத்தாந்து ராத்திரி ராத்திரி எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டு வாரா. 'எ நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் டிராகன்ஸ்'. மேரி பிரென்னன்னு ஒரு அமெரிக்காக்காரி எழுதி 2013ல வந்தது.

கதை சொல்லுதது ஒரு கெழவி. இசபெல்லான்னு பேரு. அதான் எனக்குப் புடிச்சுது. வயசானாத்தான் தன் கோட்டித்தனத்தைத் தானே சொல்லிச் சிரிக்க வரும்.

சின்னப் புள்ளையிலே விரக்கடை அளவு ஒரு பளபளப்புச் சீவனைப் புடிச்சு வினிகர்ல போட்டு வைக்கா. நம்ம வீட்டுல மாங்கா ஊறும், அவ வீட்டுல அது ஊறுது. புறாவை அறுத்து நெஞ்செலும்பு எதுக்குன்னு பாக்கா. பெத்தவ தலையில அடிச்சுக்கிடுதா. வேற என்ன செய்வா, பாவம்?

நெசமான டிராகனுக்கு ஆறு அடையாளமாம். நாலு காலு, பறக்க றெக்கை, மண்டைக்குப் பின்னால விசிறி, முட்டை போடணும், மூச்சுல ஏதாவது விசேசம் இருக்கணும், செத்தா எலும்பு பொடிஞ்சு போகணும். சந்தையில மாடு புடிக்கவன் பல்லும் சுழியும் பாக்கான் பாரு, அந்த நிதானம். ஆனா எழுதுனவ கள்ளி. எலும்பு பொடிஞ்சு போகும்னு எழுதிட்டா, "எங்க, ஒரு எலும்பைக் காட்டு பாப்போம்"னு எவன் கேக்க முடியும்?

நீ என்ன சொன்னியாம்? "அந்தக் காலத்துல ஒரு பொம்பளை மலைக்குப் போயி டிராகனை ஆராய்ச்சி பண்ணுவாளா? நம்புற மாதிரி இல்ல." அடேயப்பா! நாலு காலும் றெக்கையுமா ஒரு பல்லி பறந்தா நம்பிக்கிடுவ. பாவாடை கட்டுன ஒருத்தி பென்சிலைக் கையில எடுத்தா நம்பமாட்ட. உன் புத்தியை எந்தத் தராசுலலே நிறுக்க?

மேரி கிங்ஸ்லின்னு இங்கிலாந்துக்காரி. இது கதையில்ல. 1895ல மேற்கு ஆப்பிரிக்காவுல ஆத்து மீனைப் புடிச்சு லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனவ. காட்டுக்குள்ள வேகமா நடந்தவ, மிருகத்துக்கு வெட்டி வச்ச குழியில விழுந்துட்டா. பதினஞ்சு அடி ஆழமிருக்கும். அடியில கருங்காலி முளை, ஒவ்வொண்ணும் ஒரு அடி நீளம். ஆளு செத்திருக்கணும்லா? நல்ல கெட்டித் துணிப் பாவாடை. அது மொத்தமா அடியில மடங்கி மெத்தையாட்டம் நின்னுபோச்சு. அவ முளைமேல சாவகாசமா உக்காந்துக்கிட்டு, "மேல தூக்குங்கடே"ன்னு கூப்பிட்டிருக்கா. ஆம்பளை உடுப்புதான் காட்டுக்குத் தோதுன்னு புத்தி சொன்னவங்க இங்கிலாந்துல இருந்தாங்களாம். கேட்டிருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்.

முயல் கதை எழுதுன பீட்ரிக்ஸ் பாட்டரைத் தெரியுமா? காளான் எப்படி மொளைக்குன்னு அவ எழுதுன கட்டுரை 1897ல லண்டன் லின்னியன் சங்கத்துக்குப் போச்சு. அவ போகல. அப்போ பொம்பளைக்கு அங்க அனுமதி கெடையாது. காளான் உள்ள போகலாம், அதைப் பாத்து வரைஞ்சவ போகக்கூடாது. என்ன நியாயமோ!

அப்புறம் லைம் ரீஜிஸ் கடலோரத்து மேரி ஆனிங். பன்னிரண்டு வயசு வாக்குல, ராட்சச மீனாட்டம் ஒரு கடல் பல்லியோட எலும்பைப் பாறையிலருந்து எடுத்தா. 1828ல றெக்கை வச்ச பல்லி ஒண்ணையும் எடுத்தா. டிராகன்தானலே அது? பொடியவும் இல்ல, கரையவும் இல்ல. காசு குடுத்து வாங்குன பெரிய மனுசங்க அதை வச்சுக் கட்டுரை எழுதிப் பேரு வாங்குனாங்க. லண்டன் நிலவியல் சங்கம் பொம்பளைகளை உறுப்பினராச் சேத்தது 1919லதான். அவ 1847லயே போய்ச் சேந்துட்டா.

நாவல்ல எனக்கும் ஒரு கடுப்பு உண்டு. விஸ்ட்ரானா மலைக்குப் போறா இசபெல்லா. அந்த ஊருக்காரன் பாட்டன் காலத்துலருந்து டிராகனோட குடித்தனம் பண்ணுதான். இவ நேத்து வந்து எறங்கிட்டு அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கா. டக்மிரான்னு ஒரு வேலைக்காரப் புள்ளை மட்டும் இவளை மூஞ்சியிலேயே அளந்து வச்சிருக்கு. அந்தப் புள்ளை ஒரு புத்தகம் எழுதியிருந்தா நான் மொத ஆளா வாங்குவேன்.

சரி, போய் மிச்சத்தை வாசி. புத்தகம் பேத்திகிட்ட இருக்கு. அவ அடுக்களையில நிக்கா. நேத்துலருந்து வினிகர் பாட்டிலைக் காணோம். அலமாரிக்குப் பின்னால ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கு, உள்ள வாலாட்டம் என்னமோ தெரியுது. எங்க வீட்டு ஆச்சிகிட்ட நான் மூச்சு விடல. நீயும் விட்டுராத.