விண்மீனை விட்டுக்கொடுத்த வள்ளல்கள்

சங்கரன்கோவில்காரர்களைப் போல நட்சத்திரத்தை மதிக்கிறவர்கள் இல்லை. ஆடி உத்திராடத்தன்று கோமதி அம்மன் தபசுக் காட்சிக்கு ரதவீதி கொள்ளாத கூட்டம். உத்திராடம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை; அண்ணாந்து பார்த்து அதைச் சங்கடப்படுத்தாத மரியாதை! தனுசுக் கூட்டத்தில், ஆடி மாத முன்னிரவில், தெற்கே அது பளிச்சென்றுதான் இருக்கிறது. அதில் ஒளி மிகுந்த மீனுக்கு 2016-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் 'நுங்கி' என்ற பாபிலோனியப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியபோதும் நாம் முகம் சுளிக்கவில்லை. ரேவதிக்கும் பரணிக்கும் அங்கே இடம் கிடைத்துவிட்டது. உத்திராடம் நம்மைப் போலவே பொறுமைசாலி.

சிறுகோள் என்றால் பெயர் சூட்டும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. முதலில் தற்காலிகக் குறியீடு. பாதை உறுதியானதும் நிரந்தர எண். அதன்பின் பத்தாண்டுக்குள் அவர் பெயரை முன்மொழியலாம், 16 எழுத்துக்கு மிகாமல். இந்த உரிமையை நம்மைப் போல் வாரி வழங்கியவர் யார்? 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டு 'ஏசியா' என்று பெயரிட்டார். நம் வானத்தில் அவர் கடைசியாகக் கண்டது 1885-ல், 'வேரா'. பிறகு நூறாண்டுக்கு மேல் அமைதி காத்தோம். அதைக் கலைத்தது காவலூர் வானாய்வகம்: 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் கண்ட '1988 டிகியூ1', பின்னாளில் '4130 ராமானுஜன்' ஆயிற்று. ராமானுஜனை ஊரெல்லாம் தெரியும். ராஜமோகனைப் புகழால் தொந்தரவு செய்யாமல் காத்துவருகிறோம். விஸ்வநாதன் ஆனந்த் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. இரவெல்லாம் விழித்துத் தேடியவர் ஜப்பானியர் கென்சோ சுசுகி, பெருமைப்பட்டது நாம். நேர்த்தியான வேலைப் பிரிவினை.

செவ்வாயின் சிறு பள்ளங்களுக்கு, ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை கொண்ட ஊர்களின் பெயரை வைக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் காகோரியும் சண்டிலாவும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பின்படி நம் சங்கரன்கோவிலுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் அந்தப் பள்ளங்களை ஆராய்கிறவர்தான் பெயர் கேட்க முடியும். தொலைநோக்கியின் பாரத்தைப் பிள்ளைகள் தோளில் ஏற்றாத கருணை நமக்கு இருக்கும்வரை அதைக் கேட்க இங்கிருந்து ஆள் போகமாட்டார்.

ஹவாய்த் தீவுகளின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுக்கும் படங்களைக் கணினியில் அலசிச் சிறுகோள் தேடும் சர்வதேச இயக்கத்தில் பள்ளி மாணவர்கள் கட்டணமின்றிச் சேரலாம். ஊர் ஆசிரியர்களே, இந்த ஆண்டே ஒரு குழுவைச் சேர்த்துவிடுங்கள்.