கால்சட்டை நிறமும் மூத்தோர் உரிமையும்: ஒரு மறுவாசிப்பு

இருவர் சேர்ந்து ஆடும் வீடியோ கேமில் எந்த ஆள் யாருக்கு என்ற சிக்கலைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தொடவில்லை. (இப்படித் தொடங்காத கட்டுரையை நம் ஆய்வுலகம் தொடுவதில்லை என்பதால் இப்படித் தொடங்க நேர்ந்தது.) ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, கொனாமி 1987இல் வெளியிட்டு மறு ஆண்டே வீட்டு டிவிக்கு வந்த கான்ட்ரா. களம், எங்கள் வீட்டு ஹால்.

தேர்வு மூவகைப்படும். திறன் பார்த்துத் தேர்வது முதல் வகை. அட்டாரியின் காண்ட்லெட்டில் (1985) போர்வீரன், வீராங்கனை, மந்திரவாதி, எல்ஃப் என நால்வர், நால்வருக்கும் திறன் வேறு வேறு. இதில் பொருள் இருப்பதால் ஆய்வுக்கு உரியதன்று. முகம் பார்த்துத் தேர்வது இரண்டாம் வகை, விரிப்பின் பெருகும். வேறுபாடே இல்லாத இடத்தில் அடித்துக்கொண்டு தேர்வது மூன்றாம் வகை. நம் பொருள் இதுவே.

கான்ட்ராவில் பில், லான்ஸ் என்று இருவர். ஓட்டம் ஒன்று, தாவல் ஒன்று, துப்பாக்கி ஒன்று. முதல்வனுக்கு நீலக் கால்சட்டை, மற்றவனுக்குச் சிவப்பு. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானை நாற்பது பக்கத்துக்கு இழுக்கத் தெரியாதவருக்கு முனைவர் பட்டம் எதற்கு?

நீலமே சிறந்தது என்பர் மூத்தோர் (அண்ணன், வாய்மொழி, முழுப் பரீட்சை லீவு, முதல் வாரம்). அநியாயம் என்பர் இளையோர் (நான், அழுதுகொண்டே, அதே வாரம்). ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அதில் நீலமும் சாம்பல், சிவப்பும் சாம்பல். குண்டு பட்டு ஒருவன் பல்டி அடித்து விழுவான்.

"நீதான்டா செத்தே."

"நான் இல்லண்ணா, இதோ குதிக்கிறேன் பாரு."

எவனோ குதிப்பான். அது யார் பட்டனுக்குக் குதித்தது என்று தீர்ப்பதற்குள் செத்தவனும் மினுக்கிக்கொண்டே மேலிருந்து இறங்கிவிடுவான்; வழக்கு தள்ளுபடி. இதைச் சான்றாக வைத்து, மூலத்தில் நிறமே கிடையாது, நிறம் பிற்கால இடைச்செருகல் என்று நிறுவிவிடலாம். இதைவிடக் குறைந்த சான்றில் ஒரு புலவரை ஐந்நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளியவர்கள் நம்மிடையே நலமாக இருக்கிறார்கள்.

மாற்றுக் கருத்தும் உண்டு. சாம்பலிலும் கருஞ்சாம்பலே நீலம் என்பது ஒரு கொள்கை (மொட்டை மாடி, கரண்ட் போன இரவு, வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தவருள் இடமிருந்து மூன்றாமவர் கூற்று, அதை ஐந்தாமவரான அத்தை மகன் மறுக்கத் தொடங்கி, பாதியில் தூங்கிவிட்டதால் மறுப்புரை நமக்கு முழுதும் கிடைக்கவில்லை).

உண்மையில் தேர்ந்தெடுக்கப்படுவது ஆள் அல்ல, ஜாய்ஸ்டிக். நின்டெண்டோ 1983இல் கொண்டுவந்த ஃபாமிகாமில் இரண்டாம் ஜாய்ஸ்டிக்குக்கு ஸ்டார்ட்டும் இல்லை, செலக்ட்டும் இல்லை. பதிலுக்கு ஒரு மைக் வைத்தார்கள். தம்பிமார் புலம்புவார்கள் என்று ஜப்பானில் முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த நகலில் ஸ்டார்ட் இல்லாததை மட்டும் சிரத்தையாக நகலெடுத்து, மைக்கை விட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தை நிறுத்திவைக்கத் தம்பியிடம் ஸ்டார்ட் இல்லாததன் விளைவை மூன்றாம் கட்டமான அருவியில் காண்க. முன்னே ஏறுகிறவன் திரையையும் மேலே இழுத்துக்கொண்டு போவான். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் சாவான். எதிரி சுட வேண்டியதில்லை, அண்ணன் ஏறினால் போதும். ஆட்டத்தை ஆக்கியோர் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். லைஃப் தீர்ந்தவன் ஏ பட்டனை அழுத்தினால் கூட்டாளியின் லைஃபில் ஒன்று கைமாற்றாக வந்துவிடும். கேட்க வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம்.

அவ்வாறு நான் வாங்கியது மொத்தம் பதினொன்று என்பது அண்ணன் பாடம். மூன்று என்பதே மூலபாடம். ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது.