ஆறுமணிக்குருவியின் மறைவியல்: ஓர் ஆய்வு

தை மாதத்துப் பனியில், தோளில் பெரிய டெலி லென்ஸோடு புதர் முன்னால் மூச்சடக்கிக் குந்தியிருப்பவரைக் கண்டால் யாரும் போலீசைக் கூப்பிட வேண்டியதில்லை. அவர் தேடுவது ஆறுமணிக்குருவியை. ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவை படத்தில் சிக்காதது தற்செயலா, திட்டமிட்ட சதியா என்பதே இவ்வாய்வின் பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சதிதான்.

முதற்சான்று வானியலில் கிடைக்கிறது. பெயருக்கேற்ப இக்குருவி காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் சீழ்க்கையடிக்கும். பொங்கல் சமயத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரைக்கு. மறைவது ஆறு மணி வாக்கில். அதாவது, தான் இருக்கும் இடத்தை அது அறிவிக்கும் இரு வேளையிலும் வெளிச்சம் போதாது. வெளிச்சம் வந்தபின் பெரும்பாலும் வாய் திறக்காது. ஐ.எஸ்.ஓ.வை 12800க்கு ஏற்றினால் படமெங்கும் ரவை தூவியதுபோல் புள்ளிகள். ஏற்றாமல் ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கினாலோ, தத்துகிற குருவி பச்சைத் தீற்றலாகிவிடும்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் குரல் கேட்டாலே போதும், பறவை பட்டியலில் சேர்ந்துவிடும். படமெடுப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது உடையலங்காரம். பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் செக்கச் சிவப்பு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நம்மை நோக்கி நிற்கும்போது காட்டுவது வெளிர்பழுப்பு மார்பை மட்டும். சருகைப் புரட்டிப் பூச்சி புழு தின்பது அதன் பிழைப்பு. சருகு நிறத்தில் நிற்பது அதன் சாமர்த்தியம்.

இதற்கு எதிராக மனிதகுலம் கண்டறிந்த ஆயுதம், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமரா. விலை லட்சங்களில். குறுக்கே ஒரு சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு, சுள்ளியின் கணுவை அற்புதத் துல்லியத்தோடு பதிவு செய்கிறது. தமிழ்நாட்டுச் சுள்ளிகளைப் பற்றி இத்தனை தெளிவான ஆவணங்கள் தாவரவியல் துறையிடமும் இருக்காது.

ஏமாந்தவர்களில் மூத்தவர் லின்னேயஸ். 1766இல் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியவர், இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். இந்தியாவுக்கே வராதவர் என்பதால் மன்னிக்கலாம். இங்கேயே பிறந்து, கைப்பேசியில் குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பவர்களை மன்னிப்பது கடினம். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நம்பும் பறவை, இரை தேடும் நேரத்தை இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டிக் கழிக்கிறது. ஆய்வு நெறிப்படி இது பிட் அடிப்பது.

சதிக்கொள்கையை உறுதிசெய்யும் கடைசிச் சான்று அக்டோபரில் வருகிறது. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த பறவைகள் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவோடிரவாகப் பறந்து வருகின்றன. களைத்துப்போன சில, நகரத்து மொட்டைமாடிகளிலும் பால்கனிகளிலும் இறங்கிவிடும். சில வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். குழல்விளக்கு வெளிச்சம், சுத்தமான சுவர்ப் பின்னணி, ஒரு சுள்ளிகூட இல்லை, பறவையும் அசைவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் பறவை ஆர்வலராக இருக்கவே மாட்டார். கைப்பேசியில் நாலு படம் எடுத்து அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது மீன்கொத்திதானே?" என்று கேட்பார். குழுவில் பலரும் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதிப்பார்கள்.